புகழ் மண்டபமும் அறக்கடனும்

1924ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 'மனித உரிமைச் சங்கம்' என்னும் பெயருடைய சிறு சங்கம் ஒன்றைப் பதிவுசெய்து அதற்குரிய பத்திரத்தை வழங்கியது. சிக்காகோ நகரிற் தபால் ஊழியராகப் பணிபுரிந்த ஹென்றி கேர்பர் என்பவரே அதனைத் தோற்றுவித்தவர். 1892இல் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிற் பிறந்து, 1913இல் அமெரிக்காவிற் குடியேறிய அவர், முதலாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்கப் படையினருள் ஒருவராக ஜேர்மனியின் கொப்லென்ஸ் நகரில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தங்கியிருந்தார். தன்பாலீர்ப்பைக் குற்றமெனக் கொள்ளும் சட்டத்தை நீக்குமாறு கோரி மருத்துவர் மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இற் பேர்லினிலே தொடக்கிவைத்த இயக்கம் அக்காலத்தில் அந்நாட்டில் வெளிப்படையாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதனைக் கண்ணுற்றுத் திரும்பிய கேர்பர், அத்தகைய அமைப்பொன்று தாம் வாழும் நாட்டிலும் இருத்தல் வேண்டுமெனக் கருதினார். சங்கத்தின் பதிவுப் பத்திரத்தில் தன்பாலீர்ப்பு என்னும் சொல் எவ்விடத்தும் இடம்பெறவில்லை. இயல்பின் வேறுபாடு காரணமாக இன்னலுறுவோரின் நலன்களைக் காத்தல் என அதன் நோக்கம் பொதுப்பட எழுதப்பட்டிருந்தது.

அச்சங்கத்தின் வாழ்நாள் மிகக் குறுகியது. 'நட்பும் சுதந்திரமும்' என்ற அதன் இதழ் இருமுறை மட்டுமே வெளிவந்தது. ஜோன் கிரேவ்ஸ் என்னும் ஆபிரிக்க அமெரிக்க மதகுரு தலைவராகவும், கேர்பர் செயலாளராகவும் பொறுப்பேற்றிருந்தனர். உறுப்பினர் தொகையோ விரல்விட்டெண்ணத் தக்கது. 1925ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பொலிஸார் பத்திரிகை நிருபர் ஒருவரோடு கேர்பரின் அறைக்கு வந்து, பிடியாணை ஏதுமின்றி அவரைக் கைதுசெய்தனர். மும்முறை விசாரணை நிகழ்ந்தது. ஈற்றில் வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும் அவர் சேமித்து வைத்திருந்த பணம் வழக்கிலே கரைந்தது, தபால் திணைக்களம் அவரை வேலையினின்றும் நீக்கியது, சங்கம் சிதைந்தது. மீண்டும் படையிற் சேர்ந்து காலங் கழித்த கேர்பர், 1972ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வாஷிங்டன் நகரில் முன்னாட் படைவீரர்க்குரிய இல்லமொன்றிற் காலமானார்.

கேர்பர் முயன்று வீழ்ந்த அதே சிக்காகோ நகரில், 1991ஆம் ஆண்டு, தன்பாலீர்ப்பினருக்கான 'புகழ் மண்டபம்' ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு நகராட்சியின் ஆதரவோடு இவ்வகையில் நிறுவப்பட்ட முதல் அமைப்பு இதுவேயாகும். அதன் முதல் விழா நகரமண்டபத்திலேயே நடைபெற்றது; நகரபிதா றிச்சார்ட் டேலி அதனை நடத்தினார். தனியாட்கள், நிறுவனங்கள், இச்சமூகத்தைச் சாராதிருந்தும் அதன்பொருட்டு உழைத்த நண்பர்கள் என மூவகையினர் இதிற் போற்றப்படுகின்றனர். 1992இல் ஹென்றி கேர்பரின் பெயரும் அதிற் சேர்க்கப்பட்டது. அவர் இறந்து அப்பொழுது இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் சங்கம் நடத்திய காலத்தில் வாழ்ந்திருந்த வீடு 2015இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

பொலிஸாரைக் கொண்டு ஒருவனைக் கைதுசெய்த நகரம், பின்னொரு காலத்தில் அவனுடைய பெயரைப் புகழ்ப் பட்டியலிற் பொறிக்கின்றது. இதனை எவ்வாறு மதிப்பிடுவது? இஃது ஒரு கடனைத் தீர்க்குஞ் செயலா? அன்றி, கடனைத் தீர்க்காமலே தீர்த்துவிட்டதாக மனத்தை ஆற்றிக்கொள்ளும் எளிய வழியா? இறந்தோரைப் போற்றுதல் எளிது. அவர்கள் எதனையுங் கேட்பதில்லை, எதனையும் மறுப்பதுமில்லை. எனவே, உரிமைக்காகப் போராடித் துன்புற்றோரைப் புகழ் மண்டபத்தில் அமர்த்துவது அறத்தின் பாற்பட்டதா, அவ்வாறாயின் எத்தகைய நிபந்தனைகளின் பாற்பட்டது என்பது சிந்தித்தற்குரியதாகின்றது.

முதலாவதாக எழக்கூடிய மறுப்பு மிகப் பழையது. அறஞ்செய்வோன் புகழை நாடுதலாகாது. புகழுக்காகச் செய்யப்படுவது அறமன்று. ஆகவே புகழ் மண்டபம் என்பது அறத்தையே மாசுபடுத்தும் என்பது அம்மறுப்பாகும். கிரேக்க மெய்யியலாளராகிய அரிஸ்டோட்டில், மதிப்பை வாழ்வின் உயர்ந்த நன்மையாகக் கொள்ள இயலாமைக்கு ஒரு காரணங் காட்டியுள்ளார். மதிப்பானது மதிக்கப்படுபவனிடத்தன்றி மதிப்போரிடத்தே தங்கியிருப்பதாகத் தோன்றுகின்றது என்பதே அக்காரணம். பிறர் கொடுக்கவும் பறிக்கவும் கூடியதொன்று ஒருவனுடைய உண்மையான செல்வமாதல் எங்ஙனம் என அவர் கருதினார்.

இக்கருத்து புகழை நாடுவோனைப் பற்றிய அளவிற் பொருத்தமானதே. ஆனால் ஈண்டு எழும் வினா புகழை நாடுவோனைப் பற்றியதன்று. புகழை வழங்குவோரைப் பற்றியதாகும். கேர்பர் புகழை நாடிச் சங்கம் அமைத்தாரல்லர். அக்காலத்தில் அச்செயலால் வரக்கூடியது பழி ஒன்றே என்பதை அவர் நன்கறிவார். மதிப்பு மதிப்போரிடத்தே தங்கியிருப்பது உண்மையாயின், அவ்வுண்மையே வழங்குவோரின் பொறுப்பைப் பன்மடங்காக்குகின்றது. யாரை மதிக்கின்றோம், யாரை மதியாது விடுகின்றோம் என்பது மதிக்கப்படுபவனின் தகுதியைக் காட்டுவதிலும் பார்க்க, ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சி எந்நிலையில் உள்ளது என்பதையே காட்டுகின்றது. திருவள்ளுவர் இல்லறவியலின் ஈற்றிலே புகழ் என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். அதற்கு முன்னுள்ளது ஈகை. இவ்வைப்புமுறை நோக்கற்பாலது. கொடுத்தலின் பின்னரே புகழ் வருகின்றது. கொடுத்தவன் கேளாதிருத்தல் அவனது பெருமை. பெற்றவர் பேசாதிருத்தல் அவர்தம் சிறுமை.

இவ்விடத்து இன்னொரு வேறுபாட்டினையும் தெளிதல் வேண்டும். ஒரு விளையாட்டு வீரனையோ விஞ்ஞானியையோ போற்றும்போது, ஏற்கெனவே நன்மதிப்புடன் வாழ்ந்த ஒருவனுக்கு மேலும் சிறிது மதிப்புச் சேர்க்கப்படுகின்றது. அது கொடையைப் போன்றது. கொடுக்காவிடினும் அநீதி இல்லை. கேர்பரைப் போன்றோரின் நிலை வேறு. அவருக்கு இருந்த நன்மதிப்பு பொதுவில் வைத்துப் பறிக்கப்பட்டது. கைதுசெய்ய வந்தோருடன் பத்திரிகை நிருபரும் வந்தார் என்னுஞ் செய்தி அற்பமானதன்று. சட்டம் அவரை விடுதலை செய்த பின்னரும் ஊரார் வாயிலும் அலுவலகக் கோவையிலும் அவர் குற்றவாளியாகவே இருந்தார். பறித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தல் கொடையாகாது, அது கடன். புகழ் மண்டபத்தில் இத்தகையோரின் பெயர் இடம்பெறுவதற்குரிய அடிப்படை நியாயம் இதுவேயாகும். அங்கே பொறிக்கப்படுவது புகழ்மாலை மட்டுமன்று. பொய்யாக எழுதப்பட்ட ஒரு பதிவின் திருத்தமுமாகும்.

இரண்டாவது மறுப்பு வெற்றி தோல்வி பற்றியது. உரிமைகளை முன்னெடுத்துச் சென்றோரே புகழ் மண்டபத்துக்கு உரியவர் எனின், கேர்பர் எதனை முன்னெடுத்துச் சென்றார்? அவருடைய சங்கம் ஓராண்டும் நிலைக்கவில்லை. ஒரு சட்டமும் அவரால் மாறவில்லை. இலினோய் மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தித் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலினின்றும் நீக்கியது 1961இல். அமெரிக்க மாநிலங்களுள் அதுவே முதலாவது. ஆயினும் அத்திருத்தம் சட்டத்துறையறிஞர் வகுத்த புதிய தண்டனைக் கோவையின் ஒரு பகுதியாக வந்ததேயன்றி, கேர்பரின் சங்கத்தால் வந்ததன்று.

இம்மறுப்புக்குத் தமிழ் மரபிலேயே ஒரு விடை உண்டு. பண்டைத் தமிழர் நடுகல் எடுத்த முறையினைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகின்றது. கல்லைக் காண்பதிற் றொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. அக்கல் வென்று மீண்டவனுக்காக நடப்பட்டதன்று. நிரை மீட்கச் சென்று களத்திலே வீழ்ந்தவனுக்காக நடப்பட்டது. நிரை மீண்டதா இல்லையா என்பதைக் கல் வினவவில்லை. ஊர் முழுவதும் அஞ்சி நின்ற வேளையில் எழுந்து சென்றவன் யார் என்பதையே அது வினவியது. பயனை அளவுகோலாகக் கொள்வோர் கேர்பரின் முயற்சியைச் சுழியம் எனக் கணிப்பர். ஆனால் அறச்செயலின் மதிப்பு அதன் பயனில் மட்டும் அடங்குவதன்று. அதனைச் செய்வதற்கு வேண்டிய துணிவிலும் அடங்கியுள்ளது.

பயன் என்ற அளவில் நோக்கினும் அம்முயற்சி முற்றாக வீண்போயிற்று எனக் கூறுதற்கில்லை. 1950இல் லொஸ் ஏஞ்செலிஸ் நகரில் மட்டஷீன் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவரான ஹறி ஹே, தாம் இளைஞராயிருந்த காலத்திற் சிக்காகோவிலிருந்த அச்சங்கம் பற்றி, அதனோடு தொடர்புடைய ஒருவரை அறிந்திருந்த இன்னொருவர் வாயிலாகக் கேள்வியுற்றதாகப் பிற்காலத்திற் கூறியுள்ளார். அவ்வாறு கேட்ட செய்தியும் இனி எவரும் இதிற் றலையிடலாகாது என்னும் எச்சரிக்கையின் வடிவிலேயே வந்ததாம். எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது அவருக்கு ஊக்கமாயிற்று. வீழ்ந்தவனின் பெயரை எவராவது ஒருவர் சொல்லிவைப்பதன் பயன் இத்தகையது. கேர்பரும் 1962இல் தமது வரலாற்றைத் தாமே எழுதி இதழொன்றில் வெளியிட்டார். அவர் அதனை எழுதாதிருப்பின், முப்பது ஆண்டுகளின் பின்னர் அவரைப் போற்றுதற்கு வேண்டிய செய்திகளிற் பெரும்பகுதி கிடைத்திராது.

மூன்றாவது மறுப்பு மேலும் வன்மையானது. ஒருவரைத் தெரிந்தெடுத்தல் என்பது ஏனையோரை விலக்குதலுமாகும். ஓர் இயக்கத்தின் சுமை முழுவதையும் சுமந்தோர் பெயரறியப்படாத பலர். பெயர் வெளிவந்தால் வேலை போகும், குடும்பம் கைவிடும், சிறை கிட்டும் என்றிருந்த ஒரு காலத்தில், பெயரை மறைத்தே வாழவேண்டியிருந்தோர் எண்ணிலர். மறைந்து வாழ்ந்த காரணத்தினாலேயே அவர்கள் புகழ்ப் பட்டியலிலும் இடம்பெறாதொழிகின்றனர். கல்வியும் எழுத்தும் வசதியும் உடையோருக்கே ஆவணங்கள் உண்டு; ஆவணங்கள் உடையோருக்கே புகழ் உண்டு. அவ்வாறாயின் புகழ் மண்டபம் பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய பொற்பூச்சோடு நிலைநிறுத்துவதாகாதா?

இவ்வினாவின் கூர்மையைச் சில்வியா றிவேறா என்பவரின் வரலாறு உணர்த்தும். நியூயோர்க் நகரின் வீதிகளில் வறுமையில் வளர்ந்த அவர், 1969இன் ஸ்ரோன்வோல் எழுச்சியை ஒட்டிய காலத்தில் இயங்கிய செயற்பாட்டாளர். வீடற்ற இளந்திருநர்க்குத் தம் தோழி மார்ஷா ஜோன்சனுடன் சேர்ந்து புகலிடம் தேடிக்கொடுத்தவர். அவ்வெழுச்சியின் நினைவாக 1973இல் நியூயோர்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் நடைபெற்ற கூட்டத்தில் அவர் மேடையேறி, சிறையில் வாடும் தம்மவரைப் பற்றிப் பேச முற்பட்டபோது, கூடியிருந்தோரிற் பலர் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தனர். இகழ்ந்தோர் பகைவரல்லர், உரிமை கோரி ஊர்வலம் வந்த அதே மக்களே. றிவேறா 2002இற் காலமானார். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, ஸ்ரோன்வோல் விடுதியிற் 'தேசிய மதிப்புச் சுவர்' ஒன்று திறந்துவைக்கப்பட்டபோது, முதலிற் பொறிக்கப்பட்ட ஐம்பது பெயர்களுள் அவர் பெயரும் ஒன்றாயிற்று.

இங்கே அநீதி இழைத்தது அரசு மட்டுமன்று. போற்றுகின்ற சமூகத்துக்கும் அதிற் பங்குண்டு. ஆகவே பெயரைப் பொறிக்கும்போது 1973இன் கூச்சலை மறைத்துப் பொறித்தால், அது றிவேறாவைப் போற்றுவதாகாது. போற்றுவோர் தம்மைத் தாமே தூய்மைப்படுத்திக் கொள்வதாகும். இவ்வாறே கேர்பரின் சங்கமும் குற்றமற்றதன்று. இருபாலீர்ப்பினரை அது உறுப்பினராக ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோன் தன்னிலும் வேறுபட்ட ஒருவனை விலக்குதல் மனித வரலாற்றிற் புதிய செய்தியுமன்று. இக்குறைகளால் அவர்தம் தகுதி அழிந்துவிடுமோ எனின், அழியாது. குற்றமற்ற மனிதர்க்கே மதிப்பு உரியதெனின் உலகில் ஒரு நடுகல்லும் எழுந்திராது. ஆனால் குறையை மறைத்துச் செய்யும் போற்றுதல் மனிதனை நீக்கிவிட்டு அவ்விடத்தில் உருவச்சிலையை வைப்பதாகும். மனிதனைப் பின்பற்றலாம், உருவச்சிலையை வணங்க மட்டுமே இயலும்.

பெயரறியாப் பலரைப் பற்றிய வினாவுக்கு முழுமையான விடை கூறுதல் அரிது. எனினும், ஒருவரைத் தெரிந்தெடுத்தல் இருவகைப்படும் என்பதைக் குறிப்பிடலாம். ஏனையோரினும் இவர் உயர்ந்தவர் எனக் கொண்டு தெரிந்தெடுத்தல் ஒன்று. ஏனையோர்க்கும் சேர்த்து இவர் நிற்கின்றார் எனக் கொண்டு தெரிந்தெடுத்தல் மற்றொன்று. முன்னையது போட்டி, பின்னையது சான்று. சிக்காகோப் புகழ் மண்டபம் தனியாட்களோடு நிறுவனங்களையும் நண்பர்களையும் ஏற்றுக்கொண்டமை பின்னைய நோக்குக்கு இடமளிக்கின்றது. பெயருக்கு 'மண்டபம்' எனினும் அதற்கெனக் கட்டடம் ஒன்று எழுப்பப்படவில்லை என்பதும் ஒருவகையிற் பொருத்தமே. வாயிலும் சுவரும் இல்லாதவிடத்து, உள்ளே இருப்போர், வெளியே நிற்போர் என்ற வேறுபாட்டின் கடுமை சற்றே குறைகின்றது எனலாம்.

நான்காவதாக எழுவது இறந்தோரின் விருப்பம் பற்றிய வினா. சிக்காகோவில் 1889இல் ஹல் இல்லம் என்னும் சமூக நிலையத்தை எலன் கேற்ஸ் ஸ்ரார் என்பவரோடு இணைந்து தோற்றுவித்தவரும், 1931இல் சமாதானத்துக்கான நொபெல் பரிசில் பங்குபெற்றவருமாகிய ஜேன் அடம்ஸ், 2008இல் இப்புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டார். மேரி றோசெற் ஸ்மித் என்னும் பெண்மணியோடு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவர் நெருங்கிய வாழ்க்கைத் துணைமை கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து மேய்ன் மாநிலத்தில் வீடொன்றும் வாங்கினர். ஆயினும் தமது வாழ்நாளில் அவ்வுறவுக்கு இன்று வழங்கும் பெயர் எதனையும் அவர் சூட்டிக்கொண்டதில்லை. தம் கடிதங்கள் பலவற்றை அவர் அழித்துவிட்டதாகவும் வரலாற்றாசிரியர் கூறுவர். 1935இற் காலமான ஒருவருக்கு, அவர் தாமே ஏற்காத ஒரு பெயரைப் பிற்காலத்தார் சூட்டுதல் முறையாகுமா?

மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது. அவனை நோக்கமாகவே கொள்ளுதல் வேண்டும் என இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில் வற்புறுத்தினார். இறந்தோர்க்கும் இது பொருந்துமாயின், ஓர் இயக்கத்தின் பெருமையைப் பெருக்குதற்காக அடம்ஸின் பெயரை எடுத்தாளுதல் தவறாகும். எனினும் மறுபக்கமும் ஆராயத்தக்கது. அவர் மௌனம் சாதித்தது விருப்பத்தினாலா, அச்சத்தினாலா என்பதைத் தீர்மானிக்க எவராலும் இயலாது. சட்டமும் சமுதாயமும் சேர்ந்து மௌனத்தைத் திணித்த ஒரு காலத்தில், அம்மௌனத்தை அப்படியே காப்பது இறந்தோரின் விருப்பத்தைக் காப்பதாகவும் இருக்கலாம். திணித்தோரின் விருப்பத்தைக் காப்பதாகவும் இருக்கலாம். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பல, ஸ்மித்தை வெறுமனே 'தோழி' எனக் கூறிக் கடந்துசென்றன. அதுவும் ஒரு பெயர் சூட்டலே. அதற்கு எவரும் அவரிடம் அனுமதி பெறவில்லை. எனவே நேர்மையான வழி, நிகழ்ந்ததைக் கூறி, பெயரிடுதலில் அடக்கங் காட்டுதலேயாகும். நாற்பதாண்டுத் துணைமையை மறைக்கவும் வேண்டா. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைக்கவும் வேண்டா.

இனி, இவ்வாராய்ச்சியின் மையமான வினாவுக்கு வருதல் தகும். புகழ் நீதிக்கு ஈடாகுமா? இதற்கு அலன் டியூறிங்கின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உரைகல் இல்லை. கணிதமேதையும் கணினியியலின் முன்னோடியுமாகிய அவர், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் மறைகுறிகளை உடைத்தோருள் தலைசிறந்தவர். 1952இல், மற்றோர் ஆடவருடன் கொண்ட உறவுக்காகப் பிரித்தானிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. சிறைக்கு மாற்றாக ஓமோன் மருந்தேற்றத்துக்கு அவர் உட்படுத்தப்பட்டார். 1954 ஜூன் 7ஆம் நாள், நாற்பத்தொரு வயதில் இறந்தார். 2009இற் பிரதமர் கோர்டன் பிறவுண் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு அளிக்கப்பட்டது. 2017இல் நிறைவேறிய சட்டமொன்று, அதே வகைக் குற்றச்சாட்டுகளில் தண்டனை பெற்று இறந்த ஏனையோர்க்கும் மன்னிப்பை விரித்தது. 2021இல் ஐம்பது பவுண் நாணயத்தாளில் அவருடைய உருவம் பொறிக்கப்பட்டது.

'மன்னிப்பு' என்னும் ஒரே சொல் இவ்வரலாற்றில் இருவகையாக வருவதை நோக்குதல் வேண்டும். 2009இல் அரசு மன்னிப்புக் கோரியது. 2013இல் அரசு மன்னிப்பு அளித்தது. கோருவோன் குற்றமிழைத்தவன்; அளிப்போன் குற்றமிழைக்கப்பட்டவன். நான்கே ஆண்டுகளில் அரசு ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்துக்கு மாறிவிட்டது. இம்முரண்பாட்டினை உயிரோடிருந்த ஒருவர் தெளிவாக உணர்ந்தார். 1974இல் அத்தகைய குற்றச்சாட்டிற் தண்டனை பெற்றவராகிய ஜோர்ஜ் மொன்ரேகு, தமக்கு வேண்டியது மன்னிப்பு அளித்தலன்று, மன்னிப்புக் கோரலே என வெளிப்படையாக வற்புறுத்தினார். மன்னிப்பை ஏற்றல் குற்றத்தை ஏற்றலாகும் என்பது அவர் வாதம். இறந்துபோன டியூறிங்கிடமிருந்து இத்தகைய மறுப்பு வந்திருக்க இயலாது. இறந்தோரைப் போற்றுதலில் உள்ள ஆபத்து இதுவேயாகும்.

இதனோடு ஃபிராங்க் கமெனியின் வரலாற்றை ஒப்பிடுதல் பயனுடைத்து. வானியலாளராகிய அவர் தன்பாலீர்ப்பினர் என்னுங் காரணத்தால் 1957இல் அமெரிக்கப் படையின் நிலப்படச் சேவையினின்றும் விலக்கப்பட்டார். வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுசென்றும் நீதி கிட்டவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், 2009இல், அமெரிக்க அரசின் ஆளணி நிருவாக அலுவலகத்தின் பணிப்பாளர் ஜோன் பெறி அரசின் சார்பில் அவரிடம் நேரிலே மன்னிப்புக் கோரினார். எண்பத்து நான்கு வயதான கமெனி அவ்விடத்திலேயே அதனை ஏற்றுக்கொண்டார். ஏற்கவும் மறுக்கவும் வல்ல ஒருவனிடம் கோருவதே முழுமையான மன்னிப்புக் கோரலாகும். தாமதம் என்பது வெறுங் கால அளவன்று. அது பாதிக்கப்பட்டவனின் விடையளிக்கும் உரிமையைக் களவாடுகின்றது. கேர்பருக்கும் டியூறிங்குக்கும் இழைக்கப்பட்ட இந்த இரண்டாவது அநீதியை எந்த மண்டபத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

இவ்வினா கடல்கடந்த நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியர் 1860இல் இந்தியாவில் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவும், 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் ஒரே மரபின் வழித்தோன்றல்கள். 2018 செப்டெம்பர் 6ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் தம்முள் இசைந்து கொள்ளும் உறவினை 377ஆம் பிரிவின் பிடியினின்றும் விடுவித்தது. அத்தீர்ப்பில் நீதியரசர் இந்து மல்ஹோத்ரா, காலந்தாழ்த்தமைக்காக இம்மக்களிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கோரக் கடமைப்பட்டுள்ளது என்னுங் கருத்தைப் பதிவுசெய்தார். இலங்கையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவினை ஆடவரோடு நில்லாது பெண்டிரையும் உள்ளடக்குமாறு விரித்தது. 2023இல், அப்பிரிவுகளைத் திருத்தும் நோக்குடைய சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. சட்டம் ஒருவனைக் குற்றவாளி என்று கூறும்வரை, அவனைப் பற்றிய புகழுரை எதுவாயினும் அரைகுறையானதே. இன்று மௌனமாயிருந்து நாளை கல்லெடுப்பதைவிட, இன்றே கையை நீட்டுதல் மேலான அறம்.

இதுகாறுங் கூறியவற்றால் ஒரு முடிவுக்கு வரலாம். உரிமைக்காகப் போராடினோரைப் புகழ் மண்டபத்திற் போற்றுதல் அறத்தின் பாற்பட்டதே. ஆனால் அப்போற்றுதல் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்றுதல் வேண்டும். போற்றப்படுவோனின் பெருமையோடு அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும், அதனை இழைத்தோர் யார் என்பதையும் அது கூறுதல் வேண்டும். அவனை ஏனையோரினும் உயர்ந்தவனாகவன்றிப் பெயரறியாப் பலரின் சான்றாக நிறுத்துதல் வேண்டும். இறந்தோர்க்குச் செய்யும் மரியாதையை, உயிரோடிருப்போர்க்குச் செய்யவேண்டிய நீதிக்கு மாற்றாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மண்டபம் வெறும் அலங்காரமாகிவிடும்.

முதற் புகழ்விழா நடைபெற்ற நகரமண்டபத்தில், அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் கேர்பருக்காகப் பேசவில்லை. வழக்கு நடந்த காலத்திற் சங்கத்தாருக்கு உதவ நண்பர் எவரும் முன்வராமையைக் கேர்பர் பிற்காலத்தில் மனக்கசப்போடு நினைவுகூர்ந்தார். அவர் அன்று வேண்டிநின்றது புகழையன்று; துணைக்கு ஒருவரை. அந்த ஒருவர் வராத குறையைப் பின்னர் வந்த புகழால் நிரப்ப இயலாது. ஆயினும் அப்பெயரைப் பட்டியலிற் காணும் ஒருவன், தன் காலத்தில் தனித்து நிற்கும் மற்றொருவனை நோக்கித் திரும்பிப் பார்ப்பானாயின், அப்பொழுதே அப்பெயர் பொறிக்கப்பட்டதன் பயன் நிறைவெய்தும்.